மூணு முட்டு

தும்மல் வந்தால் பன்னீர்செல்வம் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே விழுங்கிவிடுவார். கண்ணில் நீர் கோக்கும், காது அடைக்கும், ஸ்டியரிங் மட்டும் ஆடாது. பின்னால் நாற்பத்தைந்து பேர் தூங்குகிறார்கள். விடிகாலை நாலே முக்காலுக்குத் துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் ஏறியவர்கள். அபுதாபி போகிற வழியில் கந்தூத் தாண்டியிருக்கும் கட்டட சைட்டில் இறங்க ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். அந்த ஒரு மணி பத்து நிமிஷமும் தம் பொறுப்பில் இருக்கிறது என்பது பன்னீர்செல்வத்தின் எண்ணம். "ரூம்ல பன்னெண்டு பேரு. ஒருத்தன் கொறட்டை விடுவான், ஒருத்தன் போன்ல பொண்டாட்டிகூடச் சண்டை போடுவான். எங்கிட்டுத் தூங்குறது? என் வண்டிலதான் தூங்குறாய்ங்க" என்பார். சொல்லும்போது மீசை தானாக ஒரு முழம் ஏறும்.

வயது ஐம்பத்தொன்று. ஊர் காளையார்கோவில் பக்கம். துபாய்க்கு வந்து பத்தொன்பது வருஷம், ஒரே கம்பெனி, லேபர் பஸ் டிரைவர். குள்ளமான ஆள். தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருப்பார். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர் மனைவி சரோஜா ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெய் கொடுத்தனுப்பாமல் விடமாட்டார். ஓட்டும்போது பன்னீர்செல்வம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுவார். சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் மட்டும் அவசரமாகக் காலை உள்ளே நுழைப்பார். "பாதத்துக்கு ரோடு தெரியணும்ப்பா" என்பது அவர் தரும் விளக்கம்.

வண்டிக்குள் இருக்கும் பெரிய கண்ணாடியை, தூங்குகிறவர்களின் தலைகள் தெரிகிற மாதிரி அவர் திருப்பி வைத்திருக்கிறார். ஜன்னலோரம் சாய்ந்த தலை ஒன்று எழும்பிப் போய் ஜன்னல் கண்ணாடியில் 'டொக்' என்று இடித்தால் அவர் கணக்கில் அது ஒரு முட்டு. சைட்டில் இறங்கியதும் யாரும் கேட்காமலேயே அறிவிப்பார்: "இன்னக்கி ரெண்டு முட்டு. ஒண்ணு என் தப்பு. ஒண்ணு அந்தத் தண்ணி லாரிக்காரன் தப்பு." முட்டே இல்லாத நாளில் டீக்கடையில் இரண்டாவது டீ குடிப்பார். எந்தப் பாலத்தின் இணைப்பில் வண்டி தூக்கிப் போடும், எமிரேட்ஸ் ரோட்டில் எந்தத் தடம் எங்கே வழுவழுப்பு, கேம்ப் வாசல் வேகத்தடையில் எந்தச் சக்கரத்தை முதலில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரேக்கை அவர் தொடுவதே அபூர்வம். "பிரேக்கு மிதிச்சா என்ன அர்த்தம்? முன்னாடியே யோசிக்கலைன்னு அர்த்தம்" என்பார்.

அவருடைய பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிகளில் தலை உயரத்துக்கு வட்ட வட்டமாக எண்ணெய்த் தடங்கள் இருக்கும். வெளிப்பக்கம் பளபளவென்று கழுவ வைப்பவர், உட்பக்கத் தடத்தில் யாரையும் கைவைக்க விடுவதில்லை. "அசந்து தூங்குனாத்தான்யா இப்பிடி அப்பும். அது பூராம் எனக்கு எழுதிக் குடுத்த சர்ட்டிபிகேட்டு." உயரத்தை வைத்தே இது யார் தலை என்று சொல்லிவிடுவார்.

இத்தனை பேரைத் தூங்கவைப்பவருக்கு, அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஒரு பொட்டுத் தூக்கம் வராது. லீவில் ஊருக்குப் போனால் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வலது காலால் தரையை மிதிமிதி என்று மிதிப்பார். "இங்கன பிரேக்கு இல்ல. காலைத் தூக்கி வச்சுட்டுப் பேசாம வாங்க, எல்லாரும் பாக்குறாய்ங்க" என்று சரோஜா தொடையில் கிள்ளுவார். விமானத்தில்கூட இறங்கும் நேரத்தில் அவர் கால் சும்மா இருக்காது.

கேம்ப்பில் பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுவதில்லை, டிபன் வைப்பார்கள். நாலு மணிக்கு முன்பே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தரையில் டிபன் கேரியர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். ஆட்கள் அதற்குப் பிறகு குளிக்கப் போவார்கள், டீ குடிக்கப் போவார்கள். அடுத்தவன் டிபனை யாரும் நகர்த்துவதில்லை, அது எழுதாத சட்டம். கந்தூத் சைட்டுக்கு இரண்டு பஸ். ஆனால் வரிசை ஒன்றுதான், அது பன்னீர்செல்வம் வண்டிக்கு எதிரே இருக்கும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் தலைவிதியே என்று மற்ற வண்டியில் ஏறுவார்கள். ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்க்கிற நேரம் பன்னீர்செல்வத்துக்குக் கோயிலில் தேர் இழுக்கிற மாதிரி இருக்கும். முதல் டிபன் எப்போதும் பச்சை மூடி போட்டது. கம்பி கட்டும் வேலை செய்கிற சரவணகுமாருடையது. பக்கத்து ஊர்க்காரன், ஏழு வருஷமாக டிரைவருக்குப் பின்சீட்டுக்காரன்.

போன நவம்பரில் அந்த மற்ற வண்டி பழுதாகிப் போய், அதற்குப் பதிலாக ஒரு ஜப்பான் பஸ் வந்தது. ஓட்டுவதற்கு லுக்மானைப் போட்டார்கள். அதிராம்பட்டினத்து ஆள், முப்பத்துநாலு வயது. அதற்கு முன் சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் ஓட்டினால் சிமென்டே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பன்னீர்செல்வம் கேலி செய்வார். அப்படிப்பட்டவன் கையில் அந்த வண்டி! முன்பக்கம் ரேடார் என்று ஒன்று. முன்னால் போகிற வண்டியை அதுவே அளந்துகொண்டு வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கண்ணாடி மேல் ஒரு கேமரா. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்து, தடம் மாறாமல் ஸ்டியரிங்கைத் தானே பிடித்துக் கொடுக்கும். டிரைவர் கை வைத்திருந்தால் போதும், எடுத்தால் கத்தும்.

முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் லுக்மான் வண்டிக்கு எதிரே ஒன்பது டிபன். மூன்றாவது வாரம் இருபது. "லுக்மான் பாய் வண்டில கண்ண மூடுனா கந்தூத்துலதாண்ணே முழிக்கிறோம்" என்று எவனோ பன்னீர்செல்வத்திடமே வந்து சொன்னான். அவருக்குக் காதில் புகை வந்தது.

லுக்மான் கொஞ்சம் கர்வமாக இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ டீக்கடையில் கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணலண்ணே, எல்லாம் அதுவாத்தான் ஓடுது" என்றான். தோற்பது ஒன்றும் புதிதல்ல, யாரிடமாவது தோற்கலாம். இங்கே தோற்கடித்தவன் என்று காட்ட ஒரு ஆள் இல்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

சக்களத்தி வந்த வீட்டில் மூத்தவள் அவளுடைய சேலை, சீப்பு, நகை எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்வதுபோல, பன்னீர்செல்வம் அந்த வண்டியின் பூர்வீகத்தை விசாரிக்க ஆரம்பித்தார். ஆட்களைச் சைட்டில் இறக்கிவிட்டு நிழலில் வண்டியை ஓரங்கட்டியதும் போனை எடுத்துவிடுவார். ஜப்பான், ஜப்பான், ஜப்பான். தொண்ணூறுகளிலேயே அங்கே ஒரு நெடுஞ்சாலையில் காந்த ஆணிகளைப் புதைத்து, அதைப் பிடித்துக்கொண்டு கார்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் லாரிகளை ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக விட்டிருக்கிறார்கள். இப்போது ஒரு பெரிய சாலையில், தானே ஓடும் லாரிகளுக்கென்று ராத்திரியில் தனித் தடமே ஒதுக்கிச் சோதிக்கிறார்கள். இதெல்லாம் லுக்மானுக்குத் தெரியாது. பன்னீர்செல்வத்துக்கு வருஷத்தோடு தெரியும். எதற்காக இந்தப் பாடு என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "டிரைவருக்குத் தட்டுப்பாடாம்ப்பா அங்க. வயசாளிகதான் ஓட்டுறாய்ங்களாம். எனக்கு ஒரு விசா போட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும். அதுக்குப் போயி முப்பது வருசமா ஆணி பொதைச்சிருக்காய்ங்க!"

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு விடிகாலை பச்சை மூடி டிபன் அவர் வண்டிக்கு எதிரே இல்லை. கீழே விழுந்து உருண்டிருக்குமோ என்று குனிந்து டயருக்கு அடியில்கூடப் பார்த்தார். அது லுக்மான் வண்டி வரிசையில் மூன்றாவதாக இருந்தது. சரவணகுமார் பல்துலக்கிக்கொண்டே வந்தவன் மாட்டிக்கொண்டான்.

"கழுத்து வலிண்ணே. அந்த வண்டி சீட்டு கொஞ்சம் ஒசரம், அதான்..."

"சீட்டா ஒசரம்? வண்டியே ஒசத்தின்னு சொல்லு. ஏழு வருசம் வலிக்காத கழுத்து இப்பத்தேன் வலிக்குதாக்கும்?"

"அண்ணே, அப்பிடி இல்லண்ணே."

"போ, போ. போயிச் சப்பான்காரன் மடியில படுத்துத் தூங்கு."

அன்றைக்கு முழுக்க அவர் சரவணகுமாரோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து வேறு வேலை பார்த்தார். அந்தப் பஸ்ஸில் டிரைவர் தூங்கி விழுகிறாரா என்று முகத்தைப் பார்க்க ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு ரூம் ரூமாகப் போனார். "டிரைவர் மூஞ்சிய மட்டுமா பாக்கும்? பின்னாடி எவன் தூங்குறான்னு எண்ணிக்கிட்டே வரும். எண்ணி ஆபீசுக்கு அனுப்பும். டூட்டில ஒரு மணி நேரம் தூங்குனதா எழுதி ஓவர்டைம்ல கை வச்சா என்கிட்ட வந்து அழுவாதீங்க." மூன்று நாள் நாற்பத்தைந்து பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு முழித்தபடியே கந்தூத் போனார்கள். பாவம், அதில் இருவர் சைட்டில் நின்றபடியே தூங்கி ஃபோர்மேனிடம் திட்டு வாங்கினார்கள். நாலாவது நாள் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் அஸ்கர் அலி விஷயம் கேள்விப்பட்டுக் கேம்ப்புக்கே வந்து, அப்படி எதுவும் இல்லை, தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று லுக்மான் வண்டியில் வழக்கத்தைவிட ஆழ்ந்த தூக்கம்.

பொறாமை வந்தவன் கண் ரோட்டில் நிற்காது. ஜனவரியில் ஒரு நாள் பன்னீர்செல்வம் தம் கண்ணாடியையும் பார்க்கவில்லை, தலைகளையும் பார்க்கவில்லை. முன்னால் போன ஜப்பான் பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எங்கேயாவது அது குலுங்காதா, ஒரு முறையாவது பிரேக் லைட் படக்கென்று எரியாதா? அது எரியவில்லை. இவர்தான் மூன்று தடவை பிரேக்கை மிதித்தார். பாலத்து இணைப்பை மறந்தார். கேம்ப் வாசலிலும் சைட் வாசலிலும் வேகத்தடையில் நேராக ஏற்றினார். பின்னால் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே வந்தது. ஒரே நாளில் ஒன்பது முட்டு. எல்லோரும் நெற்றியைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்கள். அன்று அவர் முட்டுக் கணக்கை அறிவிக்கவும் இல்லை.

வாரக் கடைசியில் அஸ்கர் அலி ஆபீசுக்குக் கூப்பிட்டார். கீழக்கரைக்காரர், பன்னீர்செல்வத்தின் மேல் மரியாதை உள்ளவர். எழுந்து நின்றுதான் பேசினார். "பன்னீரண்ணே, அடுத்த மாசம் இன்னொரு ஜப்பான் வண்டி வருது. உங்க கையிலதான் குடுக்கணும்னு நினைச்சிருக்கேன். உங்க பழைய வண்டிய லோக்கல் டிரிப்புல போட்டுடலாம்."

லோக்கல் டிரிப் என்றால் கேம்ப்பிலிருந்து ஆஸ்பத்திரி, கேம்ப்பிலிருந்து மார்க்கெட். பத்து நிமிஷ ஓட்டம். அதில் யாரும் தூங்குவதில்லை.

"எனக்கு அந்த வண்டி வேணாம் சார்" என்றார் பன்னீர்செல்வம். "அதுல குத்தம் இருக்கு."

"என்னண்ணே குத்தம்?"

"இருக்கு. எனக்குத் தெரியும்."

அஸ்கர் அலி சிரிக்கவில்லை. "சரி. செவ்வாக்கிழமை உங்க வண்டி பாசிங் போகுது, நீங்க சும்மாதான் இருப்பீங்க" என்றார். வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோவதற்குத்தான் பாசிங் என்று பெயர். "அன்னைக்கு லுக்மான் வண்டியில போய்ப் பாருங்க. உங்க கணக்குப்படியே எண்ணுங்க. மூணு முட்டு விழுந்துட்டா நீங்க சொன்னது சரி, புது வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துர்றேன், நீங்க லோக்கலுக்குப் போயிருங்க. மூணுக்குக் கொறைஞ்சா மறுபேச்சு இல்லாம சாவிய வாங்கிக்கணும். நீங்க சொல்ற எண்ணுதான், நான் வேற யாருக்கிட்டயும் கேக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை விடிகாலை பன்னீர்செல்வம் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். டிபன் வரிசையில் அவர் டிபனும் இருந்தது. பஸ்ஸில் அவருக்குக் கிடைத்தது மூன்றாவது சீட் வரிசை, ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் லுக்மானின் கால்களும் தெரியும், உள்ளிருக்கும் தலைகளும் தெரியும். சரவணகுமார் அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வண்டி கிளம்பிப் பெரிய ரோட்டுக்கு ஏறுமுன்பே வாய் பிளந்து தூங்கிவிட்டான்.

பன்னீர்செல்வம் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பூட்ஸுக்குள் இருந்த வலது காலை முன்சீட்டுக்கு அடியில் நீட்டி, தரையில் ஊன்றிக்கொண்டார். எமிரேட்ஸ் ரோட்டில் ஏறியதும் லுக்மான் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினான். அப்புறம் அவன் கால் ஓரமாக ஒதுங்கிச் சும்மா கிடந்தது. தூரத்தில் ஒரு லாரி வேகம் குறைத்தது. இப்போது எடுக்கணும், என்று நினைத்துப் பன்னீர்செல்வம் தம் காலைத் தரையிலிருந்து லேசாக எடுத்தார். அதே நொடியில் வண்டியும் வேகத்தை விட்டது. படக்கென்று இல்லை, அவர் விடுகிற மாதிரியே, முட்டை மேல் துணி போர்த்துகிற மாதிரி.

தற்செயல் என்று நினைத்தார். இன்னொரு லாரி குறுக்கே நுழைந்தது. அவர் கால் எடுத்தது, வண்டியும் எடுத்தது. ஒரு வளைவில் அவர் கை தொடையின் மேல் கால் அங்குலம் திரும்பியது, ஸ்டியரிங்கும் அவ்வளவே திரும்பியது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. முப்பது வருஷம் ஆணி புதைத்து ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது, யாருக்கும் சொல்லாமல் தம் பாதத்துக்குள் வைத்திருந்ததைத்தானா? என்னிடம் இருப்பதை யாரைக் கேட்டு எடுத்தார்கள்? தலைகளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்து மூன்று தலைகள், ஒன்றும் அசையவில்லை. விழு, ஒரு முட்டாவது விழு என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். பாலத்து இணைப்பு வந்தது. அங்கே வண்டி லேசாகத் தூக்கிப் போட்டது. ஒரு தலை எழும்பியது. ஜன்னல் வரை போய், தொடாமல் திரும்பி வந்துவிட்டது.

பத்தாவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, லாரி குறைக்கும்போது பன்னீர்செல்வத்தின் கால் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை இல்லை என்று அதற்குத் தெரிந்துபோயிற்று.

"அண்ணே. அண்ணே, சைட்டு வந்துருச்சு."

கண்ணைத் திறந்தபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை. பக்கத்து சீட்டில் சரவணகுமார் இல்லை. ஒவ்வொருவராக அவரைத் தாண்டிச் சத்தம் போடாமல் இறங்கிப் போயிருக்கிறார்கள். அவருடைய டிபன் கீழே உருளாதபடி இரண்டு பூட்ஸுக்கும் நடுவே யாரோ செருகி வைத்திருந்தார்கள். லுக்மான் டிரைவர் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், எழுப்பவே மனசில்லாதவன் மாதிரி.

"எவ்வளவு நேரமாச்சுடா?"

"கால் மணி நேரமா நிக்குதுண்ணே. நல்லாத் தூங்குனீங்க. எழுப்ப வேணாம்னு சரவணன் சொல்லிட்டுப் போனாரு." போனைக் கையில் எடுத்தான். "அஸ்கர் பாய் ரெண்டு தடவ கூப்பிட்டாங்கண்ணே. எத்தன முட்டுன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

பன்னீர்செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பினார். புத்தம்புதுக் கண்ணாடியில், தலை உயரத்துக்கு, உள்ளங்கை அகலத்தில் நல்லெண்ணெய் வட்டமாக அப்பியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் திருநீறும் இருந்தது. இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவித் துடைத்தார். அது போகாமல் பரவியது. வாயால் ஊதி, சட்டைக் கையை இழுத்து அழுத்தித் துடைத்தார். இன்னும் பரவியது.

"மூணு" என்றார், லுக்மான் முகத்தைப் பார்க்காமல். "மூணு முட்டுன்னு சொல்லு."

சொல்லிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து அந்த இடத்தை மூடினார்.